நம் யோகா அறைக்கு ஆசிரியர் தேடும் முன் ஒரு ஆசிரியரின் கதை



கிளப் ஹவுஸ் மாடியில் பழைய நாற்காலிகளும் பொங்கல் விழா சாமான்களும் அடைந்து கிடந்த அறையை யோகா அறையாக மாற்றுவது என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். தரை வேலை முடிந்துவிட்டது. விசிறி மாட்டியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சிறுமலை தெரிகிறது, காற்றும் வருகிறது. அடுத்து ஆசிரியர்கள் வேண்டும். காலை வகுப்புக்கு ஒருவர், மாலை வகுப்புக்கு ஒருவர்.

இங்கேதான் நம் வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. சான்றிதழ் உள்ளவரைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஒற்றைக் கையில் உடம்பைத் தூக்கி நிற்கும் இளைஞரின் வீடியோவை அனுப்பி, இவரைக் கூப்பிடலாமே என்கிறார் இன்னொருவர். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவரே போதும், மெயின்டனன்ஸ் ஏறாமல் இருந்தால் சரி என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முடிவெடுக்கும் முன் நீங்கள் ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. யோகா சொல்லிக்கொடுக்க வேலைக்கு எடுக்கப்பட்டவர் அவர். மாணவர்கள் குறை சொன்னதால் ஒரு வேலையில் சிரமப்பட்டார், இன்னொரு வேலையை 60 வயதுக்கு மேல் இழந்தார். மற்ற ஊர்களுக்கு ஆசிரியர்களை அனுப்பியும் வைத்தார். இன்று உலகம் முழுவதும் யோகா என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் பெரும்பகுதி அவரிடமும் அவர் மாணவர்களிடமும் இருந்து கிளம்பியதுதான். அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

ரயிலின் இரண்டு முனைகள்

நம் திண்டுக்கல் ஸ்டேஷனில் நின்று போகும் மைசூர்-தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். கிருஷ்ணமாச்சாரியாரின் இளமைக்காலமும் அந்த ரயிலின் இரண்டு முனைகளுக்கு இடையில்தான் இருக்கிறது. 1888 நவம்பர் 18 அன்று மைசூர் ராஜ்ஜியத்தில், இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சீனிவாச தாத்தாச்சாரியார் வேதம் சொல்லிக்கொடுப்பவர். மகனுக்கு முதல் சமஸ்கிருதப் பாடத்தையும் முதல் ஆசனங்களையும் அவரே கற்றுக்கொடுத்தார். பையனுக்குப் பத்து வயதானபோது தந்தை இறந்துபோக, குடும்பம் மைசூருக்கு வந்து பரகால மடத்தின் நிழலில் வாழ்ந்தது.

காட்டுமன்னார்கோவிலில் பிறந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று அந்தக் குடும்பம் தங்களைச் சொல்லிக்கொண்டது. 16 வயதில் கிருஷ்ணமாச்சாரியார் நம்மாழ்வாரின் ஊரான ஆழ்வார்திருநகரிக்குப் போனார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே ஒரு மாமரத் தோப்பில் நாதமுனிகளைக் கனவுபோலக் கண்டதாகவும், யோகம் பற்றிய ஒரு நூலை அவர் வாயால் கேட்டதாகவும் பிற்காலத்தில் தம் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் மனம் யோகத்தை விடவில்லை என்பது அவர் வாழ்க்கையிலேயே தெரிகிறது.

பிறகு காசிக்குப் போனார். இலக்கணம், தர்க்கம், வேதாந்தம், மீமாம்சை என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஆயுர்வேதமும் கற்றார். அவர் சொன்ன வரலாற்றின்படி, இமயமலையைத் தாண்டி மானசரோவர் பக்கம் வாழ்ந்த ராம்மோகன் பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் தங்கினார். படிப்பு முடிந்து என்ன தட்சணை தர வேண்டும் என்று கேட்டபோது, ஊருக்குத் திரும்பிப் போ, கல்யாணம் செய்துகொள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டு யோகம் சொல்லிக்கொடு என்று குரு கேட்டுக்கொண்டாராம். காவி உடுத்தி மலையிலேயே இருந்துவிடுவதைவிடக் கடினமான தட்சணை இது. குடும்பஸ்தனாக இருந்துகொண்டு யோகாவால் சோறு சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

சோறு போடாத கல்வி

அந்தக் காலத்தில் யோகா கற்றுக்கொள்ள யாரும் காசு கொடுத்து வரிசையில் நிற்கவில்லை. சாதாரண ஜனங்களுக்கு யோகம் என்றால் சாமியார்கள் சமாசாரம். கிருஷ்ணமாச்சாரியார் 1925-ல் நாமகிரியம்மாளை மணந்தார். பல சாஸ்திரங்களில் பட்டம் பெற்ற அந்தப் பண்டிதர் ஹாசன் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். தலையில் தொப்பி, கையில் தடி. துணி வாங்க வசதியில்லாமல் மனைவியின் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து உடுத்திக்கொண்ட நாளும் உண்டு என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய் யோகத்தைப் பற்றிப் பேசினார். கேட்க ஆள் சேர வேண்டுமே! அதற்காக வித்தைகள் காட்டினார். நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டினார். பல்லால் பாரம் தூக்கினார். ஓடும் காரைக் கையால் தடுத்து நிறுத்தினார். கூட்டம் கூடியது. ஆனால் வித்தையைப் பார்க்க வந்த கூட்டம் வித்தை முடிந்ததும் கலைந்துவிடும். அதில் ஒருவரோ இருவரோதான் மறுநாள் காலை பாய் விரிக்க வருவார்கள். 1927-ல் ஹாசனில் அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த 12 வயதுப் பையன் ஒருவன் மறுநாளே கற்றுக்கொள்ள வந்துவிட்டான். அவன்தான் பிற்காலத்தில் அஷ்டாங்க யோகா என்ற முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோன பட்டாபி ஜோயிஸ்.

முதல் வேலையும் முதல் புகாரும்

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கல்வியிலும் சங்கீதத்திலும் பழைய கலைகளிலும் பெரிய ஈடுபாடு உள்ளவர். கிருஷ்ணமாச்சாரியாரின் சொற்பொழிவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை அரண்மனைக்கு அழைத்தார். 1931-ல் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் யோகா சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். தகுதி என்று பார்த்தால் அவரைவிடப் பெரிய ஆள் கிடைக்கமாட்டார். இருந்தும் கல்லூரி மாணவர்கள் குறை சொன்னார்கள். ஆசிரியர் மிகவும் கண்டிப்பானவர், பாடம் மிகவும் கடினம் என்று புகார் போனது. புத்தகமும் கையுமாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பயிற்சி பொருந்தவில்லை. ஆசிரியரிடம் அறிவு இருந்தது. மாணவர்களிடம் ஆர்வமும் ஓரளவு இருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

மகாராஜா அவரை வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை. இடத்தை மாற்றினார். 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு பகுதியை யோகசாலைக்கென ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளைகள் நிறைய. துள்ளிக் குதிக்கும் வயது, வளையும் உடம்பு. அவர்களுக்கு ஏற்றபடி ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூச்சோடு சேர்த்துத் தாவிப் போகும் வேகமான முறை அங்கே உருவானது. இன்று நகரங்களில் பவர் யோகா, வின்யாசா என்று பலகை மாட்டி நடத்துகிறார்களே, அதன் பூர்வீகம் அந்தச் சிறுவர்களின் வகுப்புதான்.

1934-ல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். அதன் தமிழ்ப் பதிப்பு 1938-ல் மதுரையில், சி.எம்.வி. அச்சகத்திலிருந்து வெளிவந்தது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் ஊரில், இந்த யோகசாலையின் பாடங்கள் 1938-லேயே தமிழில் அச்சாகியிருக்கின்றன.

மச்சினன் பட்ட பாடு

1934-ல் யோகசாலைக்கு 15, 16 வயதுப் பையன் ஒருவன் வந்தான். கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவிக்குத் தம்பி. பெயர் சுந்தரராஜன். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சிறுவயதிலிருந்தே நோயில் விழுந்து எழுந்தவன். கை கால் குச்சி மாதிரி, குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. அத்தானுக்கு அவன்மேல் நம்பிக்கையில்லை. தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொண்டார்.

யோகசாலையின் மிகச் சிறந்த மாணவன் கேசவமூர்த்தி என்பவன். ஒரு பெரிய நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் இருக்கையில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் போனவன் திரும்பி வரவேயில்லை. வேறு வழியின்றி மச்சினனுக்கு அவசர அவசரமாகக் கடினமான ஆசனங்களைச் சொல்லிக்கொடுத்தார் கிருஷ்ணமாச்சாரியார். பையன் சமாளித்துவிட்டான். அதன் பிறகே அவனுக்கு ஒழுங்காகப் பாடம் கிடைத்தது.

அந்தக் கண்டிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. ஒருநாள் விருந்தினர் முன்னால், கால்களை முன்னும் பின்னும் முழுசாக நீட்டித் தரையில் உட்காரும் ஹனுமான் ஆசனத்தைச் செய்யச் சொன்னார் குரு. முடியாது என்று தயங்கியும் அவர் விடவில்லை. செய்தான். தொடையின் பின்தசை கிழிந்தது. சரியாக நடக்கவே நீண்ட காலம் பிடித்தது. இதை அந்தப் பையனே, பி.கே.எஸ். ஐயங்கார் என்று உலகப் புகழ் பெற்ற பிறகு பல முறை சொல்லியிருக்கிறார். குருவின் அறிவைப் பற்றி எப்போதும் மரியாதையோடு பேசிய அவர், அந்த வலியை மறைத்ததும் இல்லை.

நம் வளாகத்தில் முழங்கால் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வேடசந்தூர் பக்கம் மில்லில் நின்றே வேலை பார்த்து நரம்பு சுருண்டவர்கள் இருக்கிறார்கள். தினமும் மதுரைக்கு பைக்கில் போய்வந்து இடுப்பு பிடித்தவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணமாச்சாரியார் போன்ற ஒருவர் கையிலேயே ஒரு தொடை கிழிந்தது என்றால், நாம் எவ்வளவு கவனமாக ஆள் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாத ஒப்பந்தம்

1937-ல் புணேயிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. அங்குள்ள டெக்கான் ஜிம்கானா கிளப்புக்கு யோகா ஆசிரியர் வேண்டும். நாம் இப்போது நிற்கும் அதே இடத்தில் அன்று அந்த கிளப் நின்றது. கிருஷ்ணமாச்சாரியார் ஐயங்காரை அனுப்பினார். ஐயங்காருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பது முக்கியக் காரணம். மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. வயது 18. வகுப்பில் அவரைவிடப் பெரியவர்கள், உடற்பயிற்சி செய்து உடம்பைத் தேற்றியவர்கள். ஒப்பந்தம் முதலில் ஆறு மாதத்துக்குத்தான். பிறகு நீட்டித்து நீட்டித்து மூன்று ஆண்டுகள் ஓடின.

ஒப்பந்தம் முடிந்ததும் வருமானம் நின்றது. ஊர் திரும்பாமல் அங்கேயே வாடகை அறையில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டு, வீடு வீடாகப் போய் மாணவர்களைத் தேடினார். சோறில்லாமல் தண்ணீர் குடித்துப் படுத்த நாட்கள் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் உடம்பின் குறைகளையே பாடமாக எடுத்துக்கொண்டார். வளையாத முதுகுக்கு நாற்காலி, எட்டாத கைக்கு வார், தாழாத இடுப்புக்கு மரக்கட்டை, படுக்க முடியாதவருக்கு மடித்த போர்வை என்று வீட்டுச் சாமான்களை வைத்தே ஆசனங்களை எல்லோருக்கும் எட்டும்படி செய்தார். 1966-ல் வந்த அவருடைய நூல் உலகம் முழுக்கப் போனது. 1975-ல் புணேயில் சொந்த நிலையம் எழுந்தது.

நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரை ஆறு ஆறு மாதமாக அந்தரத்தில் தொங்கவிட்டால் அவர் என்ன பாடுபடுவார் என்பதை இதில் பார்க்கலாம். பரீட்சை மாதத்தில் பிள்ளைகள் வரவில்லை, ஆடி மாதத்தில் கூட்டம் குறைவு என்று சம்பளத்தைப் பிடித்தால், நமக்குக் கிடைத்த நல்ல ஆசிரியரும் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்.

கதவைத் தட்டிய பெண்

1937-லேயே மைசூருக்கு இன்னொருவர் வந்தார். ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் 1899-ல் பிறந்த ஒரு பெண். பின்னாளில் இந்திரா தேவி என்று அறியப்பட்டவர். கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கிருஷ்ணமாச்சாரியார் மறுத்தார். வெளிநாட்டவர், அதிலும் பெண் என்பதே காரணம். அந்தப் பெண்மணிக்கு மகாராஜாவின் சிபாரிசு இருந்தது. வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கடும் விதிகளைப் போட்டார். தானாகவே ஓடிவிடுவார் என்று நினைத்திருக்கலாம். அவர் ஓடவில்லை. எல்லா விதியையும் கடைப்பிடித்தார்.

கடைசியில் மனம் மாறியது குருவுக்குத்தான். கணவருக்குச் சீனாவில் வேலை என்று இந்திரா தேவி கிளம்பும் நேரத்தில், நீ போகும் இடத்தில் யோகா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பணித்தார். பாடங்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் செய்தார். 1939-ல் ஷாங்காயில் வகுப்பு தொடங்கிய இந்திரா தேவி, 1947-ல் அமெரிக்கா போய் ஹாலிவுட்டில் வகுப்பு நடத்தினார். நூறு வயதைத் தாண்டி 2002-ல் காலமானார். வீட்டுக்குள்ளும் கிருஷ்ணமாச்சாரியார் பெண்களை ஒதுக்கவில்லை. 1938-ல் எடுத்த ஒரு ஊமைப் படத்தில் அவருடைய மனைவியும் மகள்களும் ஆசனங்கள் செய்கிறார்கள்.

யாரை ஆசிரியர் ஆக்கலாம், யாரை மாணவர் ஆக்கலாம் என்பதில் அவருக்கு இருந்த எண்ணமே தவறாகி, அதை அவரே திருத்திக்கொண்டார். நமக்கும் இது பொருந்தும். பெண் ஆசிரியர் என்றால் பெண்களுக்கு மட்டும், வயதானவர் என்றால் வேகம் போதாது என்று பார்த்தவுடன் ஒதுக்கிவிட வேண்டாம்.

60-க்கு மேல் வேலை போன மனிதர்

1940-ல் மகாராஜா காலமானார். ஆதரவு குறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் ராஜ்ஜியமே போனது. யோகசாலைக்கு வரும் கூட்டமும் சுருங்கியது. 1950-ல் அரசு அதை மூடிவிட்டது. அப்போது கிருஷ்ணமாச்சாரியாருக்கு 61 வயது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள். கையில் ஓய்வூதியம் கிடையாது. நம்மில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நிலைமை புரியும்.

1952-ல் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு பிரபல சட்ட அறிஞருக்குச் சிகிச்சைபோல யோகா சொல்லித்தர வேண்டும். போனார். அவர் தேறினார். செய்தி பரவியது. விவேகானந்தா கல்லூரியில் மாலை வகுப்பும் கிடைத்தது. குடும்பத்தோடு சென்னைக்கே வந்துவிட்டார்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் துள்ளும் சிறுவர்கள் இல்லை. சர்க்கரை நோயாளிகள், முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், கர்ப்பிணிகள், கால் விளங்காதவர்கள். மைசூர் வகுப்பை அப்படியே இங்கே நடத்தியிருந்தால் ஒருவர்கூடத் தாங்கியிருக்க மாட்டார். எனவே அவர் தம் முறையையே மாற்றினார். முதலில் நாடி பார்ப்பார். என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள், என்ன வேலை என்று கேட்பார். மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனிப்பார். அதற்குப் பிறகே, அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி நாலைந்து எளிய அசைவுகளைத் தருவார். சில நாள் கழித்து மறுபடி பார்த்து மாற்றுவார். ஒருவருக்குத் தந்தது இன்னொருவருக்குக் கிடையாது. ஒரே வீட்டிலிருந்து வந்த அப்பாவுக்கும் மகனுக்கும்கூட வெவ்வேறு பாடம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாகச் சாவியை அராவிப் பொருத்துவார். எல்லாப் பூட்டையும் ஒரே சாவி திறக்கும் என்று யாராவது விற்க வந்தால் நாம் வாங்குவோமா?

அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். யோகாவில் அக்கறையில்லாமல் வேலைக்குப் போகத் தயாராக இருந்தார். ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து, நாமமும் குடுமியுமாக இருந்த தந்தையைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். திண்ணையில் இருந்த மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பல ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் தூங்காதவர் முதல்நாள் இரவு தானாகவே தூங்கியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. தேசிகாச்சார் வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார்.

96 வயதில் கிருஷ்ணமாச்சாரியார் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுத்தபடியே செய்யக்கூடிய அசைவுகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். (நாம் விழுந்தால் எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதைப் பின்பற்ற வேண்டாம்.) கடைசிவரை பாடம் சொன்னார். 1989 பிப்ரவரி 28 அன்று, நூறு வயது நிறைந்தபின், சென்னையில் காலமானார்.

நாம் கேட்க வேண்டியவை

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கிருஷ்ணமாச்சாரியார் ஒருவரே. ஆனால் மைசூர் அறையில் சொல்லிக்கொடுத்தது வேறு, சென்னை அறையில் சொல்லிக்கொடுத்தது வேறு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துப் பாடத்தை மாற்ற அவருக்கே அரை ஆயுள் ஆனது. நம் வளாகத்தில் மைசூர் அறைக்கான பிள்ளைகளும் இருக்கிறார்கள், சென்னை அறைக்கான பெரியவர்களும் இருக்கிறார்கள். எனவே வருகிறவர் எவ்வளவு கடினமான ஆசனம் போடுவார் என்று பார்ப்பதைவிட, நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று பார்ப்பதே முக்கியம்.

செயற்குழுவின் பரிசீலனைக்கு என் யோசனைகள் இவை:

1. சான்றிதழைக் கட்டாயம் கேட்போம். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியம் நிலைவாரியாகத் தேர்வு வைக்கிறது. பல்கலைக்கழகங்களில் யோகா டிப்ளமோ, எம்.எஸ்சி. முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை வாசல் என்று வைத்துக்கொள்வோம், அதுவே வீடு ஆகாது. சமஸ்கிருதக் கல்லூரியில் புகார் வந்தது தகுதி குறைவால் அல்ல.

2. மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வோம். அதில் 70 வயதுக்காரர் ஒருவர், பத்து வயதுப் பிள்ளை ஒன்று, முழங்கால் வலி உள்ள ஒருவர் உட்காரட்டும். ஆசிரியர் தாமே செய்து காட்டிக்கொண்டிருக்கிறாரா, எழுந்து வந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறாரா என்று கவனிப்போம்.

3. வகுப்பு தொடங்கும் முன் அவராகவே நம்மிடம் உடல்நிலை பற்றிக் கேட்கிறாரா? ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கண்ணில் கிளாக்கோமா இவற்றைக் கேட்காமல் எல்லோரையும் தலைகீழாக நிற்கச் சொல்பவர் நமக்கு வேண்டாம்.

4. முடியாது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்கிறார்? சுவர், நாற்காலி, போர்வை என்று மாற்று வழி தருபவரை எடுப்போம். அழுத்திப் பிடித்துத் தள்ளுபவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம்.

5. சர்க்கரையை நிறுத்துகிறேன், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்பவரைத் தவிர்ப்போம். பல்லால் பாரம் தூக்குவதற்குக் கூட்டம் கூடும், ஆனால் வகுப்பு நடக்காது.

6. இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்ற முடிவில் உறுதியாக இருப்போம். கேசவமூர்த்தி போனதுபோல ஒருவர் திடீரென்று நின்றாலும் வகுப்பு நிற்கக்கூடாது. இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால், காலை வேலை முடித்து பத்து மணிக்கு வர நினைக்கும் அக்காமார்களுக்கு வசதி.

7. ஒரு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். வந்த தலைகளை எண்ணிக் கூலி கொடுக்க வேண்டாம். புணேயில் தண்ணீர் குடித்துப் படுத்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்வோம். ஒரு ஃபிளாட்டுக்கு மாதம் கூடுதலாக எவ்வளவு வரும் என்ற கணக்கைப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. நல்ல ஆசிரியரை எடுத்தால் மட்டும் போதாது, அவருக்கு நாம் நல்ல மாணவர்களாகவும் இருக்க வேண்டும். முதல் வாரம் ஐம்பது பேர், மூன்றாம் மாதம் ஐந்து பேர் என்றால் அறை மறுபடியும் நாற்காலி அடுக்கும் இடமாகிவிடும். மைசூர் யோகசாலையே ஆளில்லாமல் மூடப்பட்டதுதான்.

மாதிரி வகுப்புக்கு உட்காரச் சம்மதிப்பவர்கள், குறிப்பாக முழங்கால் வலி உள்ளவர்கள், சங்க அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர் யாராவது இருந்தால், வீடியோ அனுப்புவதற்குப் பதில் அவரிடம் படித்த ஒருவரைப் பேச அழைத்து வாருங்கள். யோகா அறையில் சந்திப்போம்.